கீழே குண்டான், மேலே தாம்பாளம்

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் விடுமுறைக்கு வருகிற பெண்ணுக்கு இரண்டு வயிறு வேண்டும். குருவிக்கு இருந்தது ஒன்றுதான்.

பத்து நாள் லீவில் வந்திருந்த அந்த நர்ஸ் பெண், ஒன்பது நாளாகக் காலையில் கீழே அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிச் சித்தி கையால் மறுபடியும் சாப்பிட்டாள். மதியமும் அப்படி. இரவும் அப்படி. கீழே ஒரு வாய் குறைத்தால் அம்மா முகம் வாடும். மேலே ஒரு வாய் குறைத்தால் சித்தி, "ஏன், கீழேயே வயித்த நிரப்பி அனுப்பிட்டாங்களா?" என்பாள். ஒன்பதாம் நாள் அவளுடைய சுடிதாரின் இடுப்புத் தையலை அம்மா ஒரு விரல் அகலம் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

எல்லாம் ஒரு குண்டானால் வந்த வினை.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை அந்த வீட்டில் ஒரே அடுப்புதான். ஒரு நாள் பெரிய அலுமினியக் குண்டானின் அடியில் ஓட்டை விழுந்திருந்ததைப் பெரியவள் பார்த்தாள். பெரியவள் என்றால் குருவியின் அம்மா. கீழ்வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். "அடுப்புல வெறும் பாத்திரத்த வச்சிட்டு மறந்து போனது யாரு?" என்று பொதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்கும்போது கண் சின்னவள் பக்கம் போய்விட்டது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. தபால் அலுவலகக் கவுன்டரில் நாள் முழுவதும் ஊரார் பேச்சைக் கேட்டுப் பழகியவள்தான். ஆனாலும் அந்த ஒரு பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. "நான் அந்தக் குண்டானத் தொடவே இல்லக்கா" என்றாள். ஒரு வார்த்தை பத்தாகி, பத்து நூறாகி, அந்த ஞாயிற்றுக்கிழமையே மாடியில் புது அடுப்பு ஏறிவிட்டது. பாத்திரங்களைப் பிரித்தார்கள். ஓட்டைக் குண்டானைப் பெரியவள் வீம்புக்கென்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சாட்சிக்கு இருக்கட்டும்" என்றாள். பெரிய தாம்பாளம் சின்னவளுக்குப் போயிற்று. குண்டான் கீழே பரணில் ஏறியது. தாம்பாளம் மேலே அலமாரிக்குப் பின்னால் சாய்ந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை கிடையாது.

அண்ணன் தம்பி இருவரும் சண்டை போடவில்லை. கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணனும், கடைக்காரர்களுக்குக் கண்ணாடியில் பெயர் எழுதிக் கொடுக்கும் தம்பியும் அவரவர் மனைவி பேசும்போது தலையை ஆட்டிவிட்டுத் தெருமுனையில் சந்தித்து ஒன்றாக டீ குடித்தார்கள்.

சென்ற வாரம் குருவி பரணில் ஏறிக் குண்டானை இறக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். பெரியவள் கணவரைப் பார்த்து, "சொல்லாமக் கொள்ளாம ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கீங்களே!" என்று நெகிழ்ந்துபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாக விழுந்தது.

இன்று பத்தாம் நாள். நாளை விடிந்தால் பயணம்.

"இன்னிக்கு மதியம் நான் சமைக்கிறேன்" என்று குருவி காலையிலேயே மாடிப்படியின் நடுப்படியில் நின்றுகொண்டு அறிவித்தாள். கீழேயும் கேட்க வேண்டும், மேலேயும் கேட்க வேண்டும். "ஒரே குண்டான். ஒரே தாம்பாளம். அஞ்சு பேரும் சுத்தி உட்காரணும். யாராவது வரலேன்னா அடுத்த லீவுக்கு நான் வரமாட்டேன். ஹாஸ்டல்லயே படுத்துத் தூங்கிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கீழே நின்ற பெரியவள் மகளின் கண்ணைப் பார்த்தாள். கண் சிரிக்கவில்லை. சொன்னதைச் செய்கிற பெண். சின்ன வயதில், தலை பின்னிவிடுவது அம்மாவா சித்தியா என்று இருவரும் விளையாட்டாய் இழுத்தபோது, இரண்டு நாள் பின்னாமலே பள்ளிக்கூடம் போனவள்.

சமையல் என்னவோ, ஹாஸ்டலில் அவளோடு அறையில் தங்கியிருக்கும் அரபுப் பெண் கற்றுக்கொடுத்தது. மக்லூபா என்று பெயர். கோழியும் காயும் அரிசியும் அடுக்கு அடுக்காக வைத்து ஒரே பாத்திரத்தில் வேக வைப்பதாம். "எப்படி இருக்கும்?" என்று பெரியவள் கேட்டதற்கு, "சாப்பாட்டு நேரத்துல பாரும்மா. இப்பச் சொன்னா சுவாரஸ்யம் போயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்குக் கோழி கொதிக்க ஆரம்பித்தது. ஏலக்காய், பட்டை, கிராம்பு, முழு மிளகு, உரித்த வெங்காயம் ஒன்று. வாசனை சமையலறையில் நிற்காமல் படியேறிப் போயிற்று. சற்று நேரத்தில் மாடி ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது.

பெரியவள் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். "குருவி, உங்க சித்திகிட்டச் சொல்லு. தயிர் கொண்டு வர்றதா இருந்தா புளிக்காத தயிரா இருக்கணும்."

குருவி வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து பதில் வந்தது. "குருவி, உங்கம்மாகிட்டச் சொல்லு. எந் தயிர் என்னிக்கும் புளிச்சதில்ல."

"வெள்ளரிக்காய பொடிசா நறுக்கச் சொல்லு."

"நறுக்கியாச்சுன்னு சொல்லு."

"தாம்பாளத்த நல்லாத் தேய்க்கச் சொல்லு. எட்டு மாசமா தூசி படிஞ்சிருக்கும்."

"குண்டானத் தேய்ச்சாங்களான்னு கேளு. அது பரண்ல பல்லியோட குடும்பம் நடத்தியிருக்கும்."

குருவி அடுப்பை விட்டு அசையவே இல்லை. "தபால் ரெண்டு பக்கமும் சேர்ந்துடுச்சு. ஸ்டாம்பு ஒட்ட வேண்டிய அவசியமே இல்ல" என்றாள்.

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள். மகள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். உட்புறம் வெளியே தெரிய மூன்று பக்கமும் ஓட்டித் தைத்து, பிறகு புரட்டி எடுக்க வேண்டும். இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

தைத்துக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தாள். எண்ணெயில் பெரிய கத்தரிக்காய் வில்லைகள் பொரியும் சத்தம். பிறகு காலிஃபிளவர். பிறகு கொழுந்தன் குரல். "என்ன மருத்துவரம்மா, அறுவை சிகிச்சையா?" குருவி ஏதோ ரகசியமாகச் சொன்னாள். அவர் கடகடவென்று சிரித்தார். "அட, இது எந்தொழிலாச்சே! தக்காளிய நான் அடுக்குறேன், தள்ளு."

அரை மணி நேரம் சித்தப்பாவும் மகளும் குண்டானுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் கண்ணாடி வேலை ஒன்று காய்கிறது என்று கிளம்பினார். குருவி முன்னறையை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நான் மேல போய் தாம்பாளம் எடுத்துட்டு வரேன். நான் நேர்ல போய்க் கேட்டாத்தான் சித்தி தருவாங்களாம். அரிசி வடிகட்டி வச்சிருக்கேன். வந்து போட்டுக்கிறேன்."

"போ போ. அங்க ஒரு தட்டு பலகாரம் நீட்டுவா. வாங்கித் தின்னுடாத."

மேலே போனவள் உடனே வருவாளா? வரவில்லை.

பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குண்டானைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடியில் தக்காளி வில்லைகள். சாதாரணமாக இல்லை, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறிப் பூவிதழ் போல வட்டமாக விரிந்திருந்தன. அதைச் சுற்றிப் பொன்னிறக் கத்தரி வில்லைகள். இடையிடையே காலிஃபிளவர். இவ்வளவு அழகையும் அமுக்கிக்கொண்டு மேலே கோழித் துண்டுகள். அதற்கும் மேலே இனி அரிசி வரும்.

'ஐயோ குழந்தே!' என்று மனம் பதறிற்று. 'இவ்வளவு கஷ்டப்பட்டு அடுக்கினதை அடியில் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறாளே! மூடியைத் திறந்தால் வெறும் சோறுதானே தெரியும்?'

உடனே இன்னொரு காட்சி கண்முன் வந்தது. ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மூடி திறக்கிறது. வெள்ளைச் சோறு. சின்னவள் ஒன்றும் சொல்லமாட்டாள். புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவாள். அந்தப் புருவத்தைப் பெரியவள் அறிவாள்.

தாய்க்கு மனம் பொறுக்குமா? 'சொன்னா வருத்தப்படுவா. சொல்லாமலே சரி பண்ணிடுவோம்' என்று முடிவு செய்தாள். அகலத் தட்டு ஒன்றை எடுத்தாள். கோழியை எடுத்து வைத்தாள். தக்காளி கலையாமல் தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாக அள்ளினாள். அரிசியை முதலில் கொட்டிப் பரப்பினாள். அதன்மேல் கோழி. அதன்மேல் காய்கள். எல்லாவற்றுக்கும் மேலே தக்காளிப் பூ. இதழுக்கு இதழ், கொழுந்தன் வைத்த மாதிரியே. கோழி வெந்த தண்ணீரை ஓரமாக, பூ கலையாமல் ஊற்றினாள். "ஆண்டவனே, எம்பொண்ணு மனசு கோணாம இன்னிக்குப் பொழுது போகட்டும்" என்று வேண்டிக்கொண்டு மூடியைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

குருவி வெறுங்கையோடு வந்தாள். "சித்தி தேய்ச்சிட்டு இருக்காங்க. தானே கொண்டு வர்றாங்களாம். அட, அடுப்பு ஏத்திட்டியா?"

"எல்லாம் போட்டாச்சு. நீ போய்க் குளி."

"அரிசிய மேல சமமாப் பரப்பினியா?"

"சோத்துப் பானைக்கு முன்னாடி முப்பது வருஷம் நின்னவளுக்கு நீ சொல்லித் தர்றியா? போடி."

குருவி அம்மாவின் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள். "கடைசி வரைக்கும் மூடியத் திறக்கக் கூடாது, சரியா?"

நல்லதாயிற்று என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கொழுந்தன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் மூக்கை நீட்டினார். விரல் நுனிகளில் தங்க ரேக்கு மினுமினுத்தது. கண்ணாடியில் தங்க எழுத்து ஒட்டுகிற நாட்களில் அவர் தொட்ட இடமெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும். தலையணையில், டீ டம்ளரில், சில நாள் மூக்கு நுனியில்.

"வெந்துடுச்சு போல இருக்கே! அண்ணி, இந்தச் சமையல் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அச்சு அசல் எந்தொழில்."

"எப்படி தம்பி?"

"நான் கண்ணாடிக்குப் பின்னாலதானே எழுதுறேன்? முதல்ல எழுதுறதுதான் முன்னால தெரியும். தங்கம் முதல்ல, நிழல் அப்புறம், பின்னணிக் கறுப்பு கடைசியில. இதுவும் அதேதான். குண்டான்ல அடியில வைக்கிறதுதான் கடைசியில முகம். தாம்பாளத்த மேல வச்சு அப்படியே கவுத்துடுவாங்களாம். தூக்கினா தக்காளிப்பூ தலையில நிக்கும்! அந்த அரபுப் பேருக்கே கவிழ்த்ததுன்னுதான் அர்த்தமாம். குருவி உங்ககிட்டச் சொல்லலியா? ஓ, நீங்க ஆச்சரியப்படணும்னு இருந்தா போல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவர் போய்விட்டார்.

பெரியவள் அப்படியே முன்னறைக்கு நடந்தாள். மெஷினில் பாதி தைத்த தலையணை உறை கிடந்தது. உட்புறம் வெளியே. முப்பது வருடமாக நாள்தோறும் உள்ளதைப் புரட்டி எடுக்கிற கை இது. அந்தக் கைதான் இன்று புத்தி கெட்டுப்போய் எல்லாவற்றையும் 'சரி' பண்ணிவிட்டது.

நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

கவிழ்த்தால் மொட்டைச் சோறு. பூ அடியில் நசுங்கிக் கிடக்கும். குருவி எல்லார் முன்னாலும் நிற்பாள். நாளைக்கு அந்த முகத்தோடு பயணம் போவாள். சொல்லாமல் இருந்தால்? பழி யார்மேல் விழும்? தக்காளி அடுக்கின கொழுந்தன்மேல் விழும். மறுபடியும் ஒரு குண்டான், மறுபடியும் ஒரு பழி.

"அப்படி ஒண்ணு நடக்க விடாதேப்பா" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

மேலே பார்த்த கண்ணில் சின்னவள் பட்டாள். தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தாள். சமையலறை மேடையில் அதைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி திரும்பினாள். குருவி இன்னும் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். தபால் சொல்ல ஆள் இல்லை.

பெரியவள் அவள் பின்னாலேயே சமையலறை வாசலுக்கு வந்தாள். எட்டு மாதமாகத் தொண்டையில் கிடந்த வார்த்தை துருப்பிடித்து வந்தது.

"நில்லு."

சின்னவள் நின்றாள். திரும்பவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

இப்போது திரும்பினாள். எட்டு மாதத்துக்கு முந்திய பேச்சைச் சொல்கிறாளோ என்று அவள் முகம் ஒரு கணம் திகைத்தது. பெரியவளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் வெட்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் இதையாவது ஒழுங்காய்ச் சொல்லிவிடலாம் என்று, குண்டானைக் காட்டி எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினாள்.

சின்னவள் கேட்டாள். புருவம் தூங்கிக் கிடந்தது. கண் மட்டும் மெல்ல மெல்லப் பெரிதாயிற்று.

"தோசைத் திருப்பியாலயா?"

"ஆமாம்."

"ஒவ்வொரு தக்காளியா?"

"இருபத்திரண்டு."

அவ்வளவுதான். சின்னவள் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பெரியவள் பயந்து பக்கத்தில் போனாள். அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கும் வந்துவிட்டது. இருவரும் சத்தம் போடாமல், குருவிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னைத் திட்டேன்" என்றாள் பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"எதுக்குக்கா? நான் பார்த்திருந்தாலும் அதேதான் பண்ணியிருப்பேன். இவ்வளவு அழகா அடுக்கியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

'அக்கா' என்ற அந்த ஒரு சொல் பெரியவளின் காதில் போய், நெஞ்சில் எங்கேயோ ஒரு முடிச்சை அவிழ்த்தது. உடனே அவளுக்கு மற்றதும் வந்தது.

"அன்னிக்கு... அந்தக் குண்டான் விஷயத்துல... நீ இல்லேன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை அப்புறம் பேசுவோம். இப்ப சோத்தப் பார்ப்போம். ஒரு தடவை கவுத்தா பூ கீழ போகுது. இன்னொரு தடவை கவுத்தா?"

"மறுபடியும் மேல வரும்! ஆனா எதுமேல கவுக்கிறது? இந்த அகலத்துக்கு இன்னொரு தட்டு ஏது?"

சின்னவள் ஒரு கணம் யோசித்தாள். "எங்க அரிசி டிரம் மூடி" என்றாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.

கூடத்தில் பாய் விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் குண்டான். மூடியை எடுத்த வேகத்தில் பெரியவள் தாம்பாளத்தைக் குண்டான் வாயில் பொத்திவிட்டாள். "ஆவி போயிடும்" என்றாள்.

"அப்பாவுக்கு முட்டி வலி. சித்தப்பா கை தூரிகை பிடிக்க மட்டும்தான் ஆடாம நிக்கும்" என்றாள் குருவி. "அதனால ஆளுக்கு ஒரு பக்கம், அம்மாவும் சித்தியும் பிடிங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத் திருப்பணும். ஒருத்தர் முந்தினாலும் ஒருத்தர் பிந்தினாலும் சோறு தரையில."

அவள் எதற்காக இந்தச் சமையலைத் தேர்ந்தெடுத்தாள் என்று அப்போதுதான் பெரியவளுக்குப் புரிந்தது. ஹாஸ்டலில் கற்ற பத்துச் சமையலில், நான்கு கை இல்லாமல் முடியாத ஒன்றைப் பார்த்து எடுத்திருக்கிறாள், கள்ளி.

துணி சுற்றிப் பிடித்தார்கள். ஒரு பக்கக் காதைப் பெரியவள், மறுபக்கக் காதைச் சின்னவள். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு..."

தூக்கினார்கள். திருப்பினார்கள். வைத்தார்கள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"பத்து நிமிஷம் தொடக் கூடாது" என்றாள் குருவி. "உள்ள இருக்கிறது மெதுவா இறங்கி உட்காரணும். அதுவரைக்கும் எல்லாரும் அடியத் தட்டணும். அவங்க வீட்டுல எல்லாரும் தட்டுவாங்களாம்."

தட்டினார்கள். அப்போதுதான் குண்டானின் அடி எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெட்ட வெளிச்சமாக இருந்தது. நடுவில் ஒட்டு. ஒரு நாணயம் அகலத்துக்கு, ஓரம் நெளிந்து, கோணலாக.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். தொழில்காரருக்குப் பொறுக்கவில்லை. "சே, எவன் போட்டான் இந்த ஒட்டை? மூணாங்கிளாஸ் வேலை!"

"எவன் போட்டானா?" பெரியவள் நிமிர்ந்தாள். "நீங்க போடலியா?"

"நானா? நான் போட்டா இப்படியா இருக்கும்?"

"அப்ப அந்தச் சர்க்கரை?"

"நீயாப் போட்டே. நானாக் குடிச்சேன். நடுவுல நான் ஒண்ணும் பேசலியே."

குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவள், "சத்தியமா நானும் இல்ல" என்றாள். தம்பிக்குத் திடீரென்று இருமல் வந்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. குருவி குண்டான்மேல் கை வைத்தாள். பெரியவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு. தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உள்ள நீ அடுக்கினபடி இல்ல. சித்தப்பாமேல தப்பில்ல, உம்மேலயும் இல்ல. நீ தெரியாம அடியில புதைச்சிட்டேன்னு நெனச்சு, நான்தான் எல்லாத்தையும் மாத்தி வச்சேன். கேட்டிருக்கணும். கேட்கல."

கொழுந்தன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி மெதுவாகக் குண்டானைத் தூக்கினாள். சுற்றிலும் நேராக நின்றது சோறு, கோட்டை மாதிரி. உச்சியில் பொன்னிறமாய் முறுகிய அரிசி. ஒரு தக்காளிகூட இல்லை. அவள் அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நான் சங்கடப்படக் கூடாதுன்னா மாத்தினே?"

பெரியவள் தலையாட்டினாள்.

"அம்மா..." என்று குருவி ஆரம்பிப்பதற்குள், சின்னவள் முதுகுக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பளபளவென்று அரிசி டிரம் மூடி.

"பேச்சு அப்புறம். அக்கா, பிடிங்க அந்தப் பக்கம்."

"சித்தி! உங்களுக்குத் தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா? உங்கம்மாதான் சொன்னாங்க" என்றாள் சின்னவள், எட்டு மாதம் என்று ஒன்று நடக்காதது போல.

மூடியைச் சோற்றின்மேல் பொத்தி, தாம்பாளத்தோடு சேர்த்துப் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு..." இந்த முறை குருவி எண்ணவில்லை, அவர்களே எண்ணிக்கொண்டார்கள். புரட்டினார்கள். தாம்பாளத்தை எடுத்தார்கள்.

தக்காளிப்பூ கொஞ்சம் நசுங்கியிருந்தது. ஒரு பக்கம் கோட்டைச் சுவர் சரிந்து ஒரு கோழித் தொடை வெளியே எட்டிப் பார்த்தது. ஆனால் பூ பூவாக, தலைமேல் இருந்தது.

குருவி கைதட்டினாள். "ரெண்டு தடவை கவுத்த மக்லூபா உலகத்துலயே இதுதான்! எங்க ரூம்காரிக்குப் படம் எடுத்து அனுப்பணும். நம்பவே மாட்டா!"

"டிரம் மூடி தெரியாம எடு" என்றாள் சின்னவள்.

"அதுதான் முக்கியம் சித்தி."

வறுத்த வாதுமையைத் தூவினார்கள். புளிக்காத தயிர் வந்தது. பொடிப்பொடியாய் நறுக்கிய வெள்ளரி வந்தது. கோழி வெந்த சாறெல்லாம் அரிசிக்குள் இறங்கி, கத்தரிக்காய் வெண்ணெயாய்க் கரைந்தது. சரிந்த பக்கத்தை எல்லாரும் முதலில் தின்றார்கள். பட்டறைக்காரர் முறுகல் அரிசிக்காகத் தோண்டித் தோண்டிச் சுரங்கம் போட்டார். "அப்பா, அது கடைசல் இல்ல, சோறு" என்றாள் குருவி.

பத்து நாளில் முதல் முறையாக அவள் ஒரே ஒரு தடவை சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, யாரும் கேட்காமலே இன்னும் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

"அடுத்த லீவுக்கு வருவியா?" என்று சின்னவள் கேட்டாள்.

"முதல்ல பெட்டியில அந்தத் தாம்பாளத்துக்கு இடம் இருக்கான்னு பாக்குறேன். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் மறுபடி பிரிச்சுக்குவீங்க."

மாலை நாலு மணி வெயிலில், பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து பெரியவள் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சின்னவளும் குருவியும் தலையணை உறையில் பாக்கியிருந்த பக்கத்தை யார் தைப்பது என்று மெஷினுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. வேண்டியதைக் கேட்டோம், கேட்டதற்கு மேலேயே ஆண்டவன் கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒட்டின் ஓரத்தில் ஏதோ மஞ்சளாய் மின்னிற்று. மசாலா என்று நினைத்துத் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் நெம்பினாள். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது: கடுகில் பாதி அளவு, தங்க ரேக்கு.

பெரியவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அண்ணி."

பின்கதவில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் மறந்த பிள்ளை மாதிரி.

"எட்டு மாசமா வாய் வரைக்கும் வந்து வந்து போயிடுது. அண்ணன்கிட்டச் சொல்லலாம்னா பயம். அவகிட்டச் சொல்லலாம்னா அதைவிடப் பயம். இன்னிக்கு நீங்க எல்லார் முன்னாடியும் நான்தான்னு சொன்னீங்களே... அதக் கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்கல அண்ணி. தங்கம் ஒட்டுற பசைய ஒரு நாள் இந்தக் குண்டான்லதான் காய்ச்சினேன், அடுப்ப மறந்துட்டேன்..."

"இருங்க தம்பி" என்றாள் பெரியவள்.

கோபம் வரும் என்று தன்னையே பார்த்தாள். வரவில்லை. நகத்தில் இருந்த பொன் துணுக்கைப் பார்த்தாள். கோணல் ஒட்டைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் பரணில் ஏறி, இந்தப் பெரிய பாத்திரத்தை இறக்கி, ஒட்டுப் போட்டு வந்து மறுபடி ஏற்றி வைக்க இந்த மனிதர் எத்தனை பாடுபட்டிருப்பார்!

ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. நான் பழி போட்டது அவமேல."

பிறகு உள்பக்கம் திரும்பி, மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி, எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வரேங்க்கா!" என்று பதில் வந்தது. காலடிச் சத்தம் நெருங்கியது.

பெரியவள் குண்டானைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். கொழுந்தனின் ஸ்டூலுக்கு எதிரே, அடி மேலே தெரியும்படி, கவிழ்த்து வைத்தாள்.